சீசருக்குக் கிடைத்தது பாதி வீடு!



இந்தப் பகுதியில் மாமியார் - மருமகள், பிள்ளைகள் படிப்பு, வீட்டுச் சிக்கனம் என்றுதான் நாம் எழுதிக் கொள்வது வழக்கம். நான் எழுத வந்திருப்பது ஒரு இங்கிலீஷ் சினிமாவைப் பற்றி. அதுவும் குரங்குகள் குதிரை ஏறி, துப்பாக்கி பிடிக்கிற சினிமா! "இதில் நமக்கென்ன இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பிள்ளை வளர்ப்பு, மறதி வந்த பெரியவரைப் பார்த்துக் கொள்வது, பிறந்த வீடா புகுந்த வீடா என்கிற தவிப்பு... நாம் தினமும் பேசுகிற எல்லாமே அதில் இருக்கிறது.

படத்தின் பெயர் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்'. 'குரங்குகளின் உலகம்' என்று வைத்துக் கொள்ளலாம். 'ஏப்' என்றால் வால் இல்லாத குரங்கு. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாம் அந்த ஜாதி. நம் ஊர்க் குரங்குக்கு நீளமான வால் உண்டு, அது வேறு. நம் நாட்டுக் காடுகளில் வாலில்லாக் குரங்கு என்றால், அசாம் முதலான வடகிழக்குப் பக்கத்தில் இருக்கிற கிப்பன்தான்.

இந்த வரிசையில் 2011, 2014, 2017, 2024 என்று இதுவரை நாலு புதுப் படங்கள் வந்திருக்கின்றன. பள்ளி விடுமுறையில், பிள்ளைகளோடு உட்கார்ந்து நாலையும் தமிழ்ப் பேச்சில் பார்த்தேன். அதற்கு முன்னால் வந்த பழைய படங்கள் எதையும் நான் பார்த்ததில்லை. பார்க்காமலே புரிகிறதா என்றால், நன்றாகப் புரிகிறது!

பழைய கதை, புது ஜமா

முதலில் இது ஒரு பிரெஞ்சு நாவல். 1963-ல் வந்தது. எழுதியவர் பியர் பூல். இவர் 1936 முதல் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய கூலிகள் யார்? பெரும்பாலும் நம் தமிழ் ஜனங்கள்தான். எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். இரண்டாம் உலகப்போரில், சயாம் - பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக் கொண்டு போய், பல்லாயிரம் தமிழர்கள் செத்தார்களே, அந்தப் பாதையை வைத்து 'குவாய் நதிப் பாலம்' என்ற நாவலை 1952-ல் எழுதியவரும் இதே பூல்தான். அது 1957-ல் சினிமாவாக வந்தபோது, படம் பிடித்தது இலங்கையில்! யார் எஜமான், யார் அடிமை, அது எப்போது தலைகீழாக மாறும் என்கிற கேள்வியை அவர் இரண்டு நாவலிலும் விடவில்லை.

குரங்குக் கதை முதன்முதலில் 1968-ல் படமானது. விண்வெளிக்குப் போன மனிதர்கள் ஓர் உலகத்தில் வந்து விழுகிறார்கள். அங்கே குரங்குகள் பேசுகின்றன, ஆட்சி செய்கின்றன. மனிதர்கள் ஊமையாகக் கூண்டில்! படம் நன்றாக ஓடியதால் 1973-க்குள் மொத்தம் 5 படங்கள் எடுத்துவிட்டார்கள். 2001-ல் இன்னொருவர் ஒரு தடவை எடுத்துப் பார்த்தார். அப்புறம் 2011-ல் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, 'அ'னாவிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். அதுதான் இந்தப் புது வரிசை.

ஒரே கதையை ஏன் மறுபடி எடுக்கணும் என்று கேட்டால், நம் பக்கத்து சகோதரிகளுக்கு நான் விளக்கவே வேண்டாம். சித்திரை, வைகாசி வந்தால் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். போன வருஷம் பார்த்த அதே பாரதம்தான். இந்த வருஷம் வேறு ஜமா வந்து ஆடும். கதை தெரிந்திருந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோமே, ஏன்? இந்த ஜமா எந்த இடத்தில் நிறுத்தி, யாருக்காக அழ வைக்கப் போகிறது என்று பார்க்கத்தான். பழைய குரங்குப் படம், கூண்டில் மாட்டிய மனிதன் பக்கம் நின்று கதை சொன்னது. புது ஜமாவோ, மனிதன் வீட்டில் மாட்டிய குரங்குக் குட்டியின் பக்கம் நின்று சொல்கிறது. அதனால்தான் எனக்குப் பழைய படம் தேவைப்படவில்லை. கதை நேராக ஒரு வீட்டுக்குள் தொடங்குகிறது. வீடு நமக்குத் தெரிந்த இடமாச்சே!

அந்த வீட்டுப் பிள்ளை

வில் என்று ஒரு விஞ்ஞானி. அவருடைய அப்பா சார்லஸுக்கு அல்சைமர் என்கிற மறதி நோய். அப்பாவைக் குணப்படுத்த வேண்டும் என்று ஒரு மருந்து கண்டுபிடித்து, அதைச் சிம்பன்சிகளுக்குப் போட்டுச் சோதிக்கிறார். ஒரு தாய்ச் சிம்பன்சி திடீரென்று ஆவேசம் கொண்டு ஓட, சுட்டுவிடுகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அதற்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை. பச்சைக் குட்டி ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு, அதற்கு ஆபத்து என்று நினைத்துத்தான் பாய்ந்திருக்கிறது. பெத்தவள் பாயாமல் வேறு யார் பாய்வார்கள், சொல்லுங்கள்?

அந்தக் குட்டியை வில் வீட்டுக்குக் கொண்டு வருகிறார். தாத்தா சார்லஸ் 'சீசர்' என்று பெயர் வைக்கிறார். தாய்க்குக் கொடுத்த மருந்தின் வேகம் குட்டிக்கும் வந்து, அது மனிதப் பிள்ளையை விட புத்திசாலியாக வளர்கிறது. சட்டை போட்டுக்கொள்கிறது. கைச் சைகையில் பேசுகிறது. மாடியில் அதற்குத் தனி அறை. அங்கே ஒரு வட்ட ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத் தெருவில் மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் காட்டுக்கு அழைத்துப் போய்த் திரும்பும்போது, இன்னொரு குடும்பம் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வருகிறது. சீசர் அந்த நாயின் கழுத்தைப் பார்க்கிறது. தன் கழுத்திலும் ஒரு பட்டை இருப்பதை உணர்கிறது. வில்லைப் பார்த்துச் சைகையில் கேட்கிறது: "நான் வளர்ப்பு மிருகமா?" இல்லை, நான் உன் அப்பா என்கிறார் வில். அன்பாகத்தான் சொல்கிறார், பொய் இல்லை. ஆனாலும் கயிறு கயிறுதானே!

தாத்தாவுக்கும் அந்தக் குட்டிக்கும் உள்ள பாசத்தைப் பார்க்கணுமே! மருந்தால் கொஞ்ச நாள் தெளிந்திருந்த தாத்தாவுக்கு மறதி திரும்புகிறது. சாப்பாட்டு மேஜையில் முள்கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முட்டையைக் குத்துகிறார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சீசர் மெதுவாகக் கையை நீட்டி, கரண்டியைச் சரியாகத் திருப்பிக் கொடுக்கிறது. அவ்வளவுதான், அந்தக் காட்சி முடிந்தது! என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா இது, கூடப் பொறந்ததுங்களுக்குக் கூட வராத பதவிசு, இதுக்கு வந்திருக்குதே!" என்றார். மறதி வந்த பெரியவர் இருக்கும் வீட்டில் இதுதான் பாடம். தப்பைச் சுட்டிக் காட்டாமல், கையில் இருப்பதை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் தாத்தா நிதானமில்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏறி, முன்னும் பின்னும் மோதிவிடுகிறார். அந்த ஆள் கோபத்தில் தாத்தாவின் நெஞ்சில் விரலால் குத்திக் குத்திப் பேசுகிறான். மாடி ஜன்னலிலிருந்து பார்த்த சீசர், பாய்ந்து வந்து அவன் விரலைக் கடித்துவிடுகிறது. தாத்தாவை அடிக்க வந்தால் பேரன் சும்மா இருப்பானா? ஆனால் பேரன் செய்தால் ரோஷம். குரங்கு செய்தால் குற்றம். கோர்ட் உத்தரவு போட்டு, சீசரைக் குரங்குக் காப்பகத்தில் அடைத்துவிடுகிறார்கள்.

சுவரில் வரைந்த ஜன்னல்

இந்தப் படத்தில் நான் மறக்காத காட்சி இதுதான். கூண்டுக்குள் தனியாகக் கிடக்கும் சீசர், ஒரு துண்டுச் சுண்ணாம்பால் சுவரில் ஒரு படம் வரைகிறது. வேறு எதுவும் இல்லை, அந்த மாடி வீட்டின் வட்ட ஜன்னல்! அதன் மேல் சாய்ந்துகொண்டு வீட்டை நினைத்துக் கிடக்கிறது. மாதங்கள் போகின்றன. அடியும் உதையும் தண்ணீர்ப் பீய்ச்சலும் பட்ட பிறகு, ஒருநாள் தன் கையாலேயே அந்த ஜன்னலை அழித்துவிடுகிறது.

சகோதரிகளே, கல்யாணமாகி வந்த முதல் வருஷம் நினைவுக்கு வரவில்லையா? பிறந்த வீட்டில் இருக்கும்போதே, "இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு" என்பார்கள். வந்த வீட்டில் ரொம்ப நாளைக்கு "வேற வீட்டுப் பொண்ணு" என்பார்கள். இரண்டு பக்கமும் அன்புக்குக் குறைவிருக்காது. ஆனால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி வீடு! அம்மா வீட்டுத் திண்ணையை, கிணற்றடியை மனசுக்குள் வரைந்து வைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்ற காலம் நம்மில் பலருக்கும் உண்டு. அது மெல்ல மெல்ல அழிந்துதான், இந்த வீடு நம் வீடானது.

சீசருக்கும் கேள்வி இதுதான். மனிதர் வீட்டில் அது குரங்கு. குரங்குக் கூட்டத்தில், சட்டை போட்டுக்கொண்டு வந்த வேற்று ஆள். முதல் நாளே அங்குள்ள குரங்குகள் அதன் சட்டையைக் கிழித்து விரட்டுகின்றன. பிறகு வில் எப்படியோ பணத்தைக் கொடுத்துச் சரிக்கட்டி, கூட்டிப்போக வருகிறார். கூண்டைத் திறந்து, வா வீட்டுக்கு என்கிறார். சீசர் வெளியே வரவில்லை. தானே கதவைச் சாத்திக்கொள்கிறது!

எனக்கு உடனே கர்ணன்தான் ஞாபகத்துக்கு வந்தான். தேரோட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளை. எந்த வீட்டுப் பிள்ளை என்று சபையில் கேட்டால் பதில் சொல்ல முடியாத பிள்ளை. பெத்தவளே வந்து கூப்பிட்டபோதும், தன்னை நம்பினவர்களை விட்டு வரமாட்டேன் என்றவன். எங்கள் பக்கம் 'கர்ண மோட்சம்' கூத்து நடந்தால், பெண்கள் கூட்டம்தான் அதிகம் அழும். கர்ணனுக்கு அழுதவர்களுக்கு சீசர் புதியவன் இல்லை.

இதற்கு அப்புறம்தான் படத்தின் பெரிய திருப்பம். காப்பகத்தில் வேலை பார்க்கும் ஒரு முரட்டுப் பையன் மின்சாரக் கோலால் அடிக்க வருகிறான். சீசர் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, முதன்முதலாக வாய் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்கிறது. 'கூடாது' என்று பொருள்படும் வார்த்தை. நம் பிள்ளைகள் முதலில் 'அம்மா' என்கும். சீசர் பேசிய முதல் பேச்சே மறுப்பு! வீட்டில் எல்லோரும் கையை வாயில் வைத்துக்கொண்டோம்.

ஓர் இரவு சீசர் தப்பித்துத் தன் பழைய வீட்டுக்கு வருகிறது. எல்லோரும் தூங்குகிறார்கள். அங்கேயே படுத்திருக்கலாம். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த புது மருந்தை எடுத்துக்கொண்டு, மற்றக் குரங்குகளுக்கும் புத்தி வரட்டும் என்று கூண்டுக்கே திரும்பிப் போகிறது. அந்த மருந்து குரங்குக்கு அறிவைக் கொடுத்தது. மனிதனுக்கோ கொள்ளை நோயாக மாறி உலகத்தையே காலி செய்தது. கொரோனா காலத்தை அனுபவித்த நமக்கு, 2011-லேயே எடுத்த அந்தக் காட்சி வயிற்றைக் கலக்கும்.

கோபா சிரிக்கிறான், நமக்குச் சிரிப்பு வரவில்லை

இரண்டாவது படம் 2014-ல் வந்தது. பத்து வருஷம் கழித்துக் கதை. காட்டில் சீசருக்கு ஊர், மனைவி, பிள்ளைகள். மிஞ்சிய மனிதர்கள் கரண்டுக்காக அணையைச் சரிசெய்ய வருகிறார்கள். சீசருக்குப் பாதி வீடாவது கிடைத்தது. அதனால் மனிதரில் நல்லவர் உண்டு என்று தெரியும். அதன் தோழன் கோபா, சோதனைக் கூடத்தில் கத்தி பட்டே வளர்ந்தவன். மனிதர்களின் வேலையைச் செய்யவிடு என்று சீசர் சொன்னதும், கோபா தன் உடம்பில் உள்ள ஒவ்வொரு தழும்பாகத் தொட்டுக் காட்டி, இதுதான் மனிதர் வேலை என்கிறான். அதற்கு சீசரிடம் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை.

கோபா ஒரு தந்திரம் செய்கிறான். துப்பாக்கி வைத்திருக்கும் இரண்டு ஆட்கள் முன்னால் போய், பல்லைக் காட்டி, குட்டிக்கரணம் போட்டு, கோமாளிக் குரங்கு மாதிரி ஆடுகிறான். அவர்களும் சிரித்து ஏமாந்து துப்பாக்கியை விடுகிறார்கள். அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டாம்.

அந்த ஆட்டம் நமக்குத் தெரிந்த ஆட்டம்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருவில் குரங்காட்டி வருவார். "ராமா, மாமியார் வீட்டுக்கு எப்படிப் போவே?" என்றால், அது குச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும். பிள்ளைகள் எல்லாம் கைதட்டிச் சிரிப்போம். 1998-ல் மத்திய அரசு, குரங்கு, கரடி, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று உத்தரவு போட்டது. 2001-ல் உச்ச நீதிமன்றமும் அது சரிதான் என்றது. சிரிக்கிற குரங்கு உண்மையில் சிரிக்கவில்லை, அடிக்குப் பயந்து பல்லைக் காட்டுகிறது என்று கோபாவைப் பார்த்தால் புரியும்.

சந்தோஷமான செய்தி ஒன்று: இந்தப் புதுப் படங்களில் சீசர் கூட்டத்தில் நிஜக் குரங்கு ஒன்றுகூட நடிக்கவில்லை! சீசராக நடித்தவர் ஆண்டி செர்கிஸ் என்ற மனிதர். முகமெல்லாம் புள்ளி வைத்து, முகத்துக்கு நேரே சின்னக் கேமராவை மாட்டி, அவருடைய ஒவ்வொரு சுருக்கத்தையும் பதிவு செய்து, அதன் மேல் கம்ப்யூட்டரில் ரோமமும் தோலும் போர்த்தியிருக்கிறார்கள். கூத்தாடுகிறவர் வேஷம் கட்டிக்கொண்டு அப்புறம் ஆடுவார். இவர் ஆடி முடித்த பிறகு வேஷம் கட்டியிருக்கிறார்கள். 1977-ல் 'ஆட்டுக்கார அலமேலு' எடுத்த காலத்தில், ஆடு நிஜமாகவே நடித்தால்தான் படம். இப்போது எந்தப் பிராணியையும் வதைக்காமல் கண்ணீர் வரவழைக்க முடிகிறது. விஞ்ஞானத்தை இதற்காகப் பாராட்டலாம்.

இரண்டு கேள்வி, இரண்டு பதில்

மூன்றாவது படம் 2017-ல். இதில் சண்டையும் சாவும் ரொம்ப அதிகம். சீசரின் மனைவியையும் மூத்த பிள்ளையையும் ஒரு ராணுவ அதிகாரி கொன்றுவிட, பழிவாங்கக் கிளம்புகிறது சீசர். வழியில் ஒரு பாழடைந்த வீட்டில், அந்த நோயால் பேச்சு போன ஒரு மனிதப் பெண் குழந்தை தனியாகக் கிடக்கிறது. வேண்டாம், விட்டுவிட்டு வா என்கிறது சீசர். கூட வந்த மாரீஸ் என்கிற கிழட்டு ஒராங்குட்டானுக்கு மனசு வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொள்கிறது.

முதல் படத்தில் மனிதன் வீட்டில் குரங்குக் குட்டி. இங்கே குரங்குக் கூட்டத்தில் மனிதக் குட்டி! பின்னால் ஒருநாள் அந்தக் குழந்தை மாரீஸிடம் சைகையில் கேட்கிறது: "நானும் குரங்கா?" மாரீஸ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நீ நோவா" என்று அதற்கு ஒரு பெயரைக் கொடுக்கிறது. நீ என்ன ஜாதி, என்ன பிறப்பு என்பது இருக்கட்டும், நீ நீதான், இது உன் இடம் என்று அர்த்தம்.

சீசர் கேட்டபோது கழுத்துப் பட்டையோடு கிடைத்த பதிலையும், நோவா கேட்டபோது பட்டை இல்லாமல் கிடைத்த பதிலையும் சேர்த்துப் பாருங்கள். நாலு படத்தின் சாரமும் எனக்கு அதில்தான் இருக்கிறது. வில் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கொடுத்தது பாதி வீடு. மாரீஸ் கொடுத்தது முழு வீடு.

2024-ல் வந்த நாலாவது படம், சீசர் செத்துப் பல தலைமுறை கழித்து நடக்கிறது. சீசர் பேரைச் சொல்லியே, அவன் சொல்லாததையெல்லாம் சொல்லி ஆட்சி நடத்துகிறது ஒரு ராஜா குரங்கு. பெரியவர் பேரைச் சொல்லி வியாபாரம் நடப்பது எங்கேதான் இல்லை! அதில் எனக்குப் பிடித்தது, கழுகு வளர்க்கும் ஒரு குரங்கு ஊரின் சட்டம். கூட்டிலிருந்து முட்டை எடுக்கலாம். ஆனால் ஒன்றையாவது விட்டு வைக்க வேண்டும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று படத்திலும் பெண்களுக்கு வேலை குறைவு. சீசரின் தாய் ஆரம்பத்திலேயே செத்துவிடுகிறாள். மனைவி கார்னிலியா வாய் திறக்கவே இல்லை என்று சொல்லலாம். முதல் படத்தில் விலங்கு மருத்துவராக வரும் நம் மும்பைப் பெண் ஃப்ரீடா பிண்டோவுக்கும், வில் பக்கத்தில் நின்று கவலைப்படுவதுதான் வேலை. பிள்ளை வளர்ப்பைப் பற்றி இவ்வளவு பேசும் கதையில், வளர்க்கிறவள் ஒருத்திக்கும் நாலு வரி இல்லையே! அடுத்த ஜமாவாவது அதைக் கவனிக்கட்டும்.

பார்ப்பதானால் 2011 படத்தில் ஆரம்பித்து வரிசையாகப் பாருங்கள். முதல் படத்தைப் பெரிய பிள்ளைகளோடு பார்க்கலாம். இரண்டாவதும் மூன்றாவதும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ராத்திரி தூக்கம் போய்விடும்.

எங்கள் ஊர் சீசர்கள்

இதையெல்லாம் அமிர்தியில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் வேலூரிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர். ஜவ்வாது மலை அடிவாரம். 1967-ல் தொடங்கிய சிறிய வன உயிரியல் பூங்கா இங்கே இருக்கிறது. மழைக்காலத்தில் அருவி விழும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் குடும்பம் குடும்பமாக ஜனம் வரும். வருகிறவர்களுக்கு வழியெல்லாம் குரங்கு பார்ப்பது ஒரு குஷி. வண்டியை நிறுத்தி பிஸ்கெட், சிப்ஸ், வாழைப்பழம், மிச்சமான தக்காளி சாதம் எல்லாம் போடுவார்கள். ஆஞ்சநேயர் என்று கும்பிட்டுப் போடுகிறவர்களும் உண்டு. மனசு நல்ல மனசுதான்.

ஆனால் திங்கட்கிழமை என்ன ஆகிறது? அத்திப்பழமும் கொழுந்தும் பூச்சியும் தேடித் தின்று, விதையைக் காடெல்லாம் துப்பிக் காட்டை வளர்க்க வேண்டிய குரங்கு, ரோட்டோரம் உட்கார்ந்து வண்டி வருமா என்று பார்க்கிறது. வண்டி வராவிட்டால் ஊருக்குள் வருகிறது. ஓடு பிரிக்கும். காயப்போட்ட வடகத்தை அள்ளும். கொல்லையில் கடலைச் செடியைப் பிடுங்கும். பிள்ளை கையிலிருக்கும் பொட்டலத்தைப் பறிக்கும். விடாமல் பிடித்தால் கடிக்கும். கடித்துவிட்டால் பிறகு அது ஆஞ்சநேயர் இல்லை. கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டிய தொல்லை! கூட்டத்திலிருந்து பிரித்து எங்கோ ஒரு காட்டில் விட்டால், அங்கே அது சட்டை போட்ட சீசர்தான். அந்தக் காட்டுக் கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்ளாது.

அதாவது நாம் பிஸ்கெட்டால் அதற்குப் பாதி வீடு கொடுக்கிறோம். அது முழு வீடு என்று நம்பி உள்ளே வந்தால், கோலை எடுக்கிறோம். படத்தில் ஒரே ஒரு சீசர். இங்கே வாரா வாரம் புதிதாக உருவாக்குகிறோம்.

அதனால் அமிர்திக்கு வரும் சகோதரிகளுக்கு இந்த ஊர்க்காரியின் வேண்டுகோள்:

குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். பிள்ளைகள் கேட்டால், "அதுக்கு அவங்க அம்மா காட்டில் சோறு வச்சிருக்கா" என்று சொல்லுங்கள்.

வண்டிக் கண்ணாடியை ஏற்றி வையுங்கள். தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்க வேண்டாம்.

மிச்சத்தையும் பிளாஸ்டிக் கவரையும் திரும்ப வீட்டுக்கே எடுத்துப் போங்கள்.

குரங்கின் கண்ணை முறைத்துப் பார்க்காதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அதற்கு அது சண்டைக்குக் கூப்பிடுவது.

ஒருவேளை கடித்தோ பிறாண்டியோ விட்டால், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தடவாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் நன்றாகக் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அவசியம்.

முதல் படத்தின் முடிவில், பெரிய பெரிய மரங்கள் நிற்கும் காட்டில் வில் சீசரைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு வா என்று கெஞ்சுகிறார். சீசர் அவரைக் கட்டி அணைத்துக்கொண்டு, காதில் சொல்கிறது: நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று. வில் கை தானாக விலகுகிறது. பாசமாக வளர்த்தவர் அதன் பிறகு அதைப் போகவிடுகிறார் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு அவர் முழு அப்பாவாகத் தெரிந்தார்.

மருமகளோ, மறதி வந்த மாமனாரோ, வீட்டுக்குள் எடுத்துக்கொண்டவர்களுக்கு முழு வீட்டைக் கொடுப்போம். காட்டில் வீடு உள்ளதற்கு, அந்தக் காட்டை விட்டு வைப்போம். பாதி வீடு யாருக்கும் வேண்டாம் சகோதரிகளே!

- ஒரு வாசகி, அமிர்தி.